ரெக்கவரி அறையில் முதல் வாரம்: மயக்க மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் பிறகு வரும் சிக்கல்களைக் கையாள ஒரு வழிகாட்டி

தியேட்டர் கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் உள்ளே வருகிறது. மயக்க மருந்து டாக்டர் நடந்துகொண்டே சொல்கிறார்: என்ன ஆபரேஷன், என்னென்ன மருந்து, எவ்வளவு இரத்தம் போனது. நீங்கள் வேலையில் சேர்ந்து மூன்றாவது நாள். மானிட்டர் வயரை ஒட்டுவதா, அவர் சொல்வதைக் கேட்பதா, கேஸ் ஷீட்டை வாங்குவதா?

முதலில் நோயாளியின் மூச்சைப் பாருங்கள். மற்றதெல்லாம் அரை நிமிடம் காத்திருக்கும்.

இந்த அறைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களையும் பயிற்சி டாக்டர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் இறப்பு குறைவாக இருந்த மருத்துவமனைகளையும் அதிகமாக இருந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். பெரிய சிக்கல்கள் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்திருந்தன. ஆனால் சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்களின் பங்கு, இறப்பு அதிகமாக இருந்த மருத்துவமனைகளில் மற்றவற்றைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கல் எங்கும் வரும். அதை யார் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துச் சத்தம் போடுகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் அந்த முதல் ஆள் படுக்கை ஓரத்தில் நிற்கும் நீங்கள்தான்.

நோயாளி வருவதற்கு முன்

பணிக்கு வந்ததும் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் நின்று கருவிகளைத் தொட்டுச் சோதியுங்கள். கண்ணால் பார்த்துவிட்டு "இருக்கிறது" என்று டிக் போடுவதில் பயனில்லை. சக்‌ஷனை ஆன் செய்து குழாய் நுனியில் விரலை வையுங்கள். தோல் சுண்டி உள்ளே இழுபட வேண்டும். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையின் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு அமுக்குங்கள். பை கெட்டியாக எதிர்க்க வேண்டும். ஆக்சிஜனைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மூன்று மருந்துகள் எங்கே இருக்கின்றன என்று உங்கள் கால்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்: கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின், மரத்துப்போகும் ஊசி மருந்து அளவு மீறினால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கு (கீழே வருகிறது) டான்ட்ரோலீன். கடைசி இரண்டும் வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். அதனால்தான் சாவி யாரிடம் என்று தேட வேண்டிய நிலை வருகிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய கேள்விகளில் நீங்களும் மறுபடி கேட்டு உறுதி செய்யவேண்டியவை சில. கடைசியாக எப்போது சாப்பிட்டார்? பொதுவான விதி, லேசான உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பட்டினி. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா? ஆடும் பல் இருக்கிறதா? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா?

கடைசிக் கேள்வியைச் சடங்காகக் கேட்காதீர்கள். மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர் முறிவைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தார். அவருடைய உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் கொடுத்தபோது இறந்திருந்தார்கள். அந்தப் பயத்தைக் காது கொடுத்துக் கேட்ட மைக்கேல் டென்பரோ, 1960-இல் சக மருத்துவர் லவலுடன் சேர்ந்து எழுதிய குறிப்பிலிருந்துதான் சில மயக்க மருந்துகளால் உடல் கட்டுமீறிச் சூடேறும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற பரம்பரைக் கோளாறு மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் மூன்று நிறுத்தங்கள் உண்டு: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரைவிட்டுக் கிளம்பும் முன். மூன்றாவதில், இந்த நோயாளிக்கு ரெக்கவரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று குழுவினர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லோரும் களைத்திருக்கும் நேரம் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். சொல்லாமல் வந்தால் நீங்கள் கேளுங்கள்: "இவருக்கு எதை நினைத்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள், டாக்டர்?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் கேஸ் ஷீட் முழுவதையும்விடப் பயன்படும்.

முதல் ஐந்து நிமிடம்

உள்ளங்கையை நோயாளியின் மூக்குக்கும் வாய்க்கும் அருகில் வையுங்கள். சூடான காற்று கையில் படுகிறதா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா? உதடு என்ன நிறம்? பிறகு ஆக்சிஜனை இணையுங்கள், சாச்சுரேஷன் கிளிப், பி.பி. பட்டை, இசிஜி. அடுத்து டிரெஸ்ஸிங், டிரெயின் (உள்ளே கசிவதை வெளியே எடுக்கும் குழாய்), டிரிப் ஓடும் இடம். இவ்வளவும் முடிந்த பிறகு, "இப்போது சொல்லுங்கள் டாக்டர்" என்று நின்று கேளுங்கள். பாதி காதில் கேட்ட ஒப்படைப்பு ஒப்படைப்பே இல்லை.

கேட்டு எழுத வேண்டியவை: பொது மயக்கமா, முதுகு ஊசியா, தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அதை முறிக்கும் மருந்து கொடுத்தாயிற்றா, கடைசியாக மார்பின் போன்ற வலி மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு, இரத்த இழப்பு, ஏதாவது என்றால் யாரை அழைப்பது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இந்த அறையில் வேண்டாம்.

மூச்சு

இங்கே அதிகம் பார்க்கப்போவது நாக்கு பின்னால் சரிந்து அடைப்பதைத்தான். அடையாளம் குறட்டை. புதியவர்கள் இதைக் கேட்டு "நல்ல தூக்கம்" என்று நினைத்துவிடுகிறார்கள். மயக்கத்திலிருந்து எழாதவரின் குறட்டை பாதி அடைபட்ட மூச்சு. முழுதும் அடைத்தால் சத்தமே இருக்காது. அப்போதும் உடல் மூச்சு விட முயலும்: வயிறு மேலே எழும், நெஞ்சு உள்ளே வாங்கும், அடுத்த நொடி தலைகீழாக. தூரத்திலிருந்து பார்த்தால் மூச்சு விடுவது போலவே இருக்கும், கையை வைத்தால் காற்று இருக்காது. உள்ளங்கை வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

செய்ய வேண்டியது: தலைமாட்டில் நின்று, காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து, கீழ்த்தாடையை முன்னோக்கித் தூக்குங்கள். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வர வேண்டும். கொஞ்சம் வலிக்கும் அளவுக்குத்தான் தூக்க வேண்டியிருக்கும். அந்த வலியே பலரை எழுப்பிவிடும். போதாவிட்டால், ஓங்கரிக்காதவராக இருந்தால் வாய் வழி ஏர்வே; பாதி விழித்தவருக்கு மூக்கு வழிக் குழாய். முகத்திலோ மண்டை ஓட்டின் அடியிலோ முறிவு இருந்தால் மூக்கு வழி கூடாது. வாந்தி வந்தால் உடனே ஒருக்களித்துத் திருப்பி, தலைப்பக்கம் தாழ்த்தி, சக்‌ஷன்.

குழந்தைகளிடம், முக்கியமாக டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு, குரல்வளை இறுகிக்கொள்வது உண்டு. உள்ளிழுக்கும்போது கீச்சென்ற சத்தம். அது நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், முழுதாக மூடிக்கொண்டிருக்கலாம். தொண்டையில் இருக்கும் இரத்தம், எச்சிலைத் துடைத்தெடுங்கள், மாஸ்க்கை முகத்தோடு இறுக்கி 100 சதவீத ஆக்சிஜனை அழுத்தத்துடன் கொடுங்கள், தாடையைத் தூக்குங்கள், மயக்க மருந்து டாக்டரைக் கத்திக் கூப்பிடுங்கள். இறுக்கம் விடாவிட்டால் அவர் புரோபோஃபாலோ சக்சினைல்கோலினோ கொடுப்பார்.

சாச்சுரேஷன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-இல் வெளியிட்டார். இந்தத் துறையில் எத்தனையோ உயிர்களைக் காத்த கருவி அது. ஆனால் அது அளப்பது இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை, மூச்சை அல்ல. மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடும்போது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடுபவருக்கும் 98 என்று காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே இருக்கும். திரையில் எண் விழும்போது நேரம் நிறையப் போயிருக்கும்.

மார்பின், ஃபென்டனில் போன்றவை மூச்சைக் குறைக்கும் முன் ஆளை மந்தமாக்கும். கூப்பிட்டால் கண் திறந்து, பதில் முடிக்கும் முன் தூங்கிப்போகிறவர்மீது கண் வையுங்கள். மூச்சு எட்டுக்குக் கீழே, கண்மணி ஊசிமுனை அளவு என்றால் தோளைத் தட்டி எழுப்புங்கள், "மூச்சை இழுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள், ஆக்சிஜன் கொடுத்து டாக்டரை அழையுங்கள். மூச்சே விடாவிட்டால் ஆம்பு பை. மார்பின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். மொத்தமாகக் கொடுத்தால் வலி முழுதும் திரும்பி நோயாளி துடிப்பார். நலாக்சோன் வேலை செய்வது ஒரு மணி நேரம் அளவுக்குத்தான், மார்பின் அதற்குமேல் நிற்கும். எழுந்து பேசிவிட்டார் என்று வார்டுக்கு அனுப்பினால் அங்கே போய் மறுபடி மூச்சு குறையும்.

இன்னொரு காட்சியை நீங்கள் மறக்கக் கூடாது. கைகால் வெட்டி வெட்டி அசைகிறது, தலையைத் தூக்க முடியவில்லை, கண்கள் அகல விரிந்து உங்களையே பார்க்கின்றன. "அமைதியில்லாமல் இருக்கிறார்" என்று எழுதிவிட்டு தூக்க மருந்து கேட்காதீர்கள். தசை தளர்த்தும் மருந்து முழுதாக இறங்காமல், நினைவோடு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். கையைப் பிடித்து, "மருந்து இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நான் கூடவே இருக்கிறேன், மூச்சுக்கு உதவி செய்கிறோம்" என்று காதருகே சொல்லுங்கள். ஆக்சிஜன், தேவைப்பட்டால் ஆம்பு பையால் மூச்சுக்குத் துணை, உடனே மயக்க மருந்து டாக்டர். நரம்பை நான்கு முறை தூண்டிப் பார்க்கும் கருவியில் நான்காவது துடிப்பு முதல் துடிப்பின் 0.9 பங்குக்கு வராதவரை மருந்து இறங்கிவிட்டதாகக் கணக்கில்லை. ஐந்து விநாடி தலையைத் தூக்கினார் என்பது மட்டும் போதுமான சோதனை ஆகாது.

கழுத்து ஆபரேஷன்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், காரணம் இருக்கிறது. நான் புதிதாக இருந்தபோது ஓர் இரவு, தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரம் ஆன ஓர் அம்மா, "கழுத்துல ஏதோ இறுக்குது சிஸ்டர்" என்றார். பி.பி. சரி, சாச்சுரேஷன் 99, டிரெயினில் ஒன்றுமில்லை. கட்டு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், படுக்க மறுத்தார், குரல் மாறியிருந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த மூத்த அக்கா ஓடிவந்து டிரெஸ்ஸிங்கைப் பிரித்தபோது கழுத்து ஒரு பக்கம் புடைத்து நின்றது. சர்ஜன் வந்து, தியேட்டருக்குக் கொண்டுபோகாமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து உறைந்த இரத்தத்தை எடுத்தார். அம்மா பிழைத்தார். அந்தப் பத்து நிமிடம் என் தவறு.

டிரெயின் காலியாக இருந்தது இரத்தம் கசியாததால் அல்ல, உறைந்து குழாய் அடைத்ததால். கழுத்துக்குள் இரத்தம் சேர்ந்தால் மூச்சுக்குழல் வீங்கி மூடும். கீச்சுச் சத்தமும் சாச்சுரேஷன் விழுவதும் கடைசியில்தான் வரும். இறுக்கம், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், படுக்க மறுப்பது இவைதான் முதல் அறிகுறிகள். கழுத்து ஆபரேஷன் நோயாளி வந்தால் தலைமாட்டில் தையல் பிரிக்கும் செட் இருக்க வேண்டும். டிரெஸ்ஸிங்கைப் பிரித்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

இரத்தக் கசிவும் பி.பி.யும்

உள்ளே கசியும்போது முதலில் ஏறுவது நாடி. இளம் வயதினரின் உடல் இரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போகும்வரை பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் "பி.பி. நார்மல்" என்பதில் நிம்மதி அடையாதீர்கள். 80-இல் வந்த நாடி 95, 108, 120 என்று ஏறிக்கொண்டே போவதுதான் செய்தி. கை கால் குளிர்ந்திருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா? சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போகிறதா, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிக்குக் கீழே? கையை முதுகுக்கு அடியில் விட்டுப் பாருங்கள். இரத்தம் பக்கவாட்டில் வழிந்து அடியில் தேங்கும், மேலே டிரெஸ்ஸிங் சுத்தமாக இருக்கும்.

பி.பி. இறங்கிவிட்டால்: ஆக்சிஜன், கால்களை உயர்த்துவது, டிரிப்பை வேகப்படுத்துவது, வெளியே தெரியும் கசிவை அழுத்திப் பிடிப்பது, அழைப்பது. இவை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில். முதுகு ஊசிக்குப் பிறகு இறங்குவது வேறு கதை. நரம்புகள் மரத்து இரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது, பெரும்பாலும் குமட்டல்தான் முதலில் சொல்லும். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்கும்.

பி.பி. ஏறினால் வலி, நிறைந்த சிறுநீர்ப்பை, குளிர், அன்று காலை விட்டுப்போன மாத்திரை. இவற்றைப் பார்த்த பிறகே மருந்து.

திடீரென்று வருபவை மூன்று

கடும் ஒவ்வாமை தியேட்டரில் பெரும்பாலும் தசை தளர்த்தும் மருந்தாலோ ஆன்டிபயாடிக்காலோ வரும். பி.பி. சரியும், மூச்சுக்குழாய் இறுகும். தடிப்பு துணிக்கு அடியில் மறைந்திருக்கும், வராமலும் போகலாம். மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, கால்களை உயர்த்தி, அட்ரினலின். பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம், இரத்தக் குழாயில் (ஐ.வி.) கொடுப்பது பழகிய மயக்க மருந்து டாக்டரின் வேலை. ஒவ்வாமை மருந்தான அவிலும் ஸ்டீராய்டும் அட்ரினலினுக்கு மாற்று அல்ல, அவற்றைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

மரத்துப்போகும் ஊசி மருந்து இரத்தத்தில் அளவு மீறினால் நோயாளியே சொல்வார்: "வாயைச் சுற்றி மரத்துப்போகுது, நாக்குல இரும்பு ருசி, காதுல இரைச்சல்." அடுத்து வலிப்பும் இதயத் தடுமாற்றமும். ஊசியை நிறுத்துங்கள், ஆக்சிஜன், கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மில்லி.

மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவில் சூடு தாமதமாகவே வரும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காரணமில்லாமல் ஏறும், நாடி விரையும், தாடை விறைக்கும். இதைத் தூண்டும் மயக்க வாயுவை நிறுத்தி, 100 சதவீத ஆக்சிஜன், டான்ட்ரோலீன் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பழைய வகை புட்டி ஒன்றில் 20 மில்லிகிராம்தான், அதைக் கரைக்க 60 மில்லி ஸ்டெரைல் வாட்டர் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே ஒன்பது புட்டி. அசைத்து அசைத்துக் கரைக்க நான்கு கைகளாவது வேண்டும், அதனால் ஆளைக் கூப்பிடுவதுதான் முதல் மருந்து.

வாந்தி, நடுக்கம், பிதற்றல், தலைவலி

பெண், புகை பிடிக்காதவர், முன்பு இப்படி வாந்தி வந்தவர் அல்லது பயணத்தில் வாந்தி எடுப்பவர், ஆபரேஷனுக்குப் பின் மார்பின் வகை மருந்து. இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் வாந்தி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். அவருக்கு வாந்தி தொடங்கும் முன்பே மருந்து கேளுங்கள். நடுக்கத்துக்கு முதலில் வெப்பப் போர்வை. நடுங்கும் உடலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை என்பதால் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

பிதற்றுபவரைக் கட்டிப்போடும் முன் வரிசையாகப் பாருங்கள்: ஆக்சிஜன், பி.பி., சர்க்கரை, வலி, சிறுநீர்ப்பை. எழவே தாமதமானாலும் சர்க்கரையைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும், அதைத் தவறவிட்டால் ஈடுகட்ட முடியாது.

முதுகு ஊசித் தலைவலி உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும். 1898-இல் இந்த ஊசி முறையைத் தொடங்கிய ஜெர்மன் சர்ஜன் ஆகஸ்ட் பியர் தன்மேலேயே சோதித்துப் பார்த்து, அந்தத் தலைவலியோடு படுத்திருந்தார். கால் உணர்வு திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாவிட்டாலோ, திரும்பிய பின் மறுபடி மரத்தாலோ, முதுகுத்தண்டுக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது.

வார்டுக்குப் போன பிறகு

முதல் இரவில் மூச்சும் மந்தமும். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல் பெரும்பாலும் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை. அதற்குப் பிறகு வருவதற்குக் காரணம் தேட வேண்டும்: நெஞ்சு, சிறுநீர், டிரிப் போட்ட இடம், காயம். குடலை இணைத்தவருக்கு ஐந்தாம் நாளை ஒட்டி நாடி ஏறி, வயிறு உப்பி, "என்னவோ சரியில்லை" என்றால் இணைப்பு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டி. திடீர் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். முடிந்தவரை சீக்கிரம் நடக்கவைப்பது இதற்காகத்தான்.

அழைக்கும்போது

தயக்கத்தோடு "டாக்டர், கொஞ்சம் பார்க்கிறீங்களா" என்றால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "டாக்டர், ரெக்கவரியிலிருந்து பேசுகிறேன். மூன்றாம் படுக்கை, வயிற்று ஆபரேஷன், வந்து நாற்பது நிமிடம். வந்தபோது நாடி 84, இப்போது 122. பி.பி. 130-இலிருந்து 104. வயிறு உப்பலாக இருக்கிறது, டிரெயின் காலி. உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." யார், என்ன ஆயிற்று, என்ன மாறியது, எதைச் சந்தேகிக்கிறீர்கள், என்ன வேண்டும். வரவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் அவருக்கு மேலே உள்ளவரை அழையுங்கள். அழைத்த நேரத்தை எழுதுங்கள்.

வார்டுக்கு அனுப்பும் முன் ஆல்ட்ரெட் மதிப்பெண் போடுங்கள்: கை கால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, ஆக்சிஜன் அளவு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. ஒன்பது வந்தால் அனுப்பலாம். கடைசி மார்பின் கொடுத்து பத்து நிமிடம்தான் ஆகிறது என்றால், மதிப்பெண் பத்தே வந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் உங்கள் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். வார்டு நர்ஸிடம் டிரெயினைக் கையில் தொட்டுக் காட்டி, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பையின் மேல் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.